படுத்திருக்கும் வேலை

ஜனுஷன் முதன்முதலாக மலை ஊற்று கொட்டும் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தேயிலைத் தோட்டத்து லயத்தில் கடைசி வீடான அவன் காம்பராவிலிருந்து பீலிக்கரை கூப்பிடு தூரம்தான். கால் நன்றாக உள்ள பிள்ளைகள் ஒரே ஓட்டத்தில் போய்விட்டு வந்துவிடும். அவனுக்கு அது ஒரு ஊர்ப் பயணம். தண்ணீர் ஓடும் கானோரமாக நட்டிருந்த கம்புகளில் இடுப்பளவு உயரத்தில் கட்டியிருந்த நீல நைலோன் கயிற்றை இடது கையால் பற்றியிருந்தான். வலது கக்கத்தில் வெறும் சோடாப் போத்தல் ஒன்றை இடுக்கியிருந்தான். வலது காலை எடுத்து வைப்பான், இடது காலைப் பின்னாலிருந்து இழுத்துச் சேர்ப்பான், மூச்சு வாங்குவான், திரும்பவும் வலது கால். பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வாளிகளை நகர்த்தி வழிவிட்டார்கள். யாரும் கை கொடுக்கவில்லை. கை கொடுத்தால் அவன் அம்மா ஜெயலெட்சுமி சண்டைக்கு வருவாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜெயலெட்சுமி வாசலில் குந்தி ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் கயிறு ஒவ்வொரு முறை இழுபடும்போதும் கடைசிக் கம்பு கிரீச்சிடும் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. சத்தம் நின்றால் கையும் நின்றது. சத்தம் தொடங்கினால் கையும் பிசையத் தொடங்கியது. கடைசியில் அவன் நிழல் மாச்சட்டியின் மேல் விழுந்தது.

"இந்தாம்மா. தேத்தண்ணி வையி."

போத்தலில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது. மீதி அவன் சட்டையில் இருந்தது. அவள் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த தடவ பெரிய போத்தலா கொண்டுட்டுப் போ" என்றாள். அவன் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். அவன் போன பிறகு அவள் மாக்கையோடு முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கொழும்பில் கட்டட வேலைக்குப் போனவன் அவன். சாரத்துப் பலகை வழுக்கி மேல்தட்டிலிருந்து விழுந்தான். வேலைக்கு எடுத்த கொந்தராத்துக்காரன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான், இரண்டு தடவை வந்து பார்த்தான், பிறகு அவன் போன் வேலை செய்யவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்கு மாற்றிக் கொண்டுவந்த பிறகு, அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த மிஸ் ஒருத்தி ஜெயலெட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: நரம்பு முழுதாக அறுந்துபோகவில்லை, விடாமல் செய்தால் நடப்பான், விட்டுவிட்டால் உள்ளதும் போய்விடும். அந்தப் பேச்சை ஜெயலெட்சுமி ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டாள். அவள் புருஷன் நல்லையா பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே ஈரல் கெட்டுச் செத்துப்போனவன். அன்றிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்பதுதான் அவளுக்கு வாழ்க்கையைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம். தோட்டத்துத் தொரை வரமாட்டார், தொழிற்சங்கத் தலைவர்மார் வரமாட்டார்கள், சொந்தக்காரர்கள் வந்தாலும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மகனுக்கு அவள் சோற்றுத் தட்டைக் கையில் கொடுக்கவில்லை. அறையின் அடுத்த மூலையில் வைத்தாள். "எந்திரிச்சு வந்து தின்னு" என்றாள். முதல் மாதங்களில் அவன் தரையில் நெஞ்சால் தேய்த்துக்கொண்டு போனான். சோறு ஆறிப்போகும். அவன் அழுவான், அவளைத் திட்டுவான். அவள் வெளியே போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டு வருவாள். கல்நெஞ்சுக்காரி என்று லயமே பேசியது. அவளுக்குக் கேட்கும்படியாகவே பேசியது.

நாட்டில் எல்லாமே தட்டுப்பாடாகிப் போன வருஷத்தில் ஏதோ சங்கத்துக்காரர்கள் லொறியில் அரிசி கொண்டுவந்தபோதுகூட அவள் வரிசையில் கடைசியாக நின்றாள். வாங்கும்போது கொடுத்தவனின் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துக் காம்பரா ராமலட்சுமி இரண்டாம் தடவையும் போய் வரிசையில் நின்றதைப் பார்த்து, "ஒடம்புல சத்து இருக்கயில கைநீட்டக் கூடாதுக்கா" என்று சொல்லப் போய் இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதம் பேச்சில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் ஜனுஷன் நடக்கத் தொடங்கிய அந்த வருஷம் மடக்கிப் போட்டது. தோட்டத்தில் வேலை நாள் குறைந்தது. மழை பிந்தினால் கொழுந்து இல்லை, கொழுந்து இல்லாவிட்டால் அன்றைக்குப் பேரும் இல்லை, கூலியும் இல்லை. இருக்கிற நாளிலும் கேட்ட கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர்தான் போட்டார்கள். அவளுக்கு வலது தோள் தூக்க முடியாமல் போய்க்கொண்டிருந்தது. மலையில் நிற்கும்போது கூடையின் பாரம் கழுத்தில் இறங்கி விரல் நுனி வரை மரத்துப்போகும். பசறையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகள் தனுஜா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, கொழும்புப் பக்கம் தையல் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், கூடப் படித்தவள் ஒருத்தி அங்கே இருக்கிறாள், நானும் போகிறேன் என்றாள். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் ஜெயலெட்சுமியை உலுக்கியது. ஒரு பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பித்தான் இப்படிக் கிடக்கிறது.

அந்த வாரம்தான் ராமலட்சுமி வந்து வாசலில் நின்றாள். கையில் ஒன்றும் இல்லை, முகம் மட்டும் கறுத்திருந்தது.

"பசற கவுருமெந்துக் கந்தோர்லேர்ந்து ஒரு சேர் வந்துட்டுப் போனாரு ஜெயா. ஏலாதவங்களுக்கு மாசாமாசம் குடுக்குறாங்கல்ல, அதுக்குப் பாக்க. எங்க வீட்டுக்காரருக்கு இல்லையாம்."

"ஏங்கா? அண்ணனுக்கு இல்லாம வேற யாருக்கு?"

ராமலட்சுமியின் புருஷன் பாலசுப்பிரமணியத்துக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும்போது கத்தி பாய்ந்து பாதத்து நரம்பு போய்விட்டது. பொல்லை ஊன்றித்தான் நடப்பார். மலையில் ஏறி ஒரு வேலையும் செய்ய முடியாது.

"மனுசன் சும்மா இருக்க வேணாமா? பெரிய மனுசர் வாராருன்னு வெள்ளச் சாரத்தக் கட்டிக்கிட்டு, பொல்ல ஊனிக்கிட்டு ரோட்டு வரைக்கும் போயி வாங்க சேர்னு கூட்டிட்டு வந்தாரு. நடமாடுறவங்களுக்கு இந்தத் தடவ இல்லையாம். கெடையில கெடக்குறவங்களுக்குத்தானாம்." அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜனுஷன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தான். "உன் வீட்டுக்கு வெள்ளிக்கெழம வாராரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெயலெட்சுமி அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கொழுந்து பறித்தாள். ஜனுஷன் பீலி வரைக்கும் நடக்கிறான். உண்மைதான். ஆனால் பீலி வரைக்கும் நடப்பவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? மலையில் கால் வைக்க முடியாது. மூட்டை தூக்க முடியாது. பஸ் படியில் ஏற இரண்டு ஆள் வேண்டும். இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ போனால் ஏதாவது கடையில் உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போகலாம். அதுவரைக்கும் ஒரு கை தாங்கினால் போதும். வருகிற மனிதரிடம் இதை அப்படியே சொன்னால் என்ன? நேற்றுவரை தட்டை மூலையில் வைத்தேன், இன்றைக்கு எழுந்து நடக்கிறான், கொஞ்ச நாள் தாங்கிப் பிடியுங்கள், பிறகு நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று? பாலசுப்பிரமணியத்தின் வெள்ளைச் சாரம் அவள் கண்ணில் வந்தது. அவரும் உண்மையோடுதான் ரோட்டுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னபோது தனுஜா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அது பிச்ச இல்லம்மா, நம்ம உரிமை. மூணு தலமொறையா இந்த நாட்டுக்குக் கொழுந்து பறிச்சுக் குடுத்திருக்கோம்" என்றாள்.

"உரிமைன்னா ஏன்டி பொய் சொல்லி வாங்கணும்?"

தனுஜா பக்கத்தைப் புரட்டினாள். "அப்ப நான் கொழும்புக்குப் போறேன். அதுல பொய் ஒண்ணும் இல்லல்ல" என்றாள்.

வியாழக்கிழமை பின்னேரம், தனுஜா வகுப்பிலிருந்து வருவதற்கு முன்னால், ஜெயலெட்சுமி மகனின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்காருவது வழக்கமில்லை. அவன் காலை மடக்குவதை நிறுத்தினான். அவன் முழங்காலைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நாளைக்கு அந்த சேர் வாரயில... நீ படுத்திருக்கியா சாமி?"

வெளியே யாரோ வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எந்திரிச்சு நிக்கிறதப் பாத்தா குடுக்க மாட்டாங்களாம். தங்கச்சி பரீட்ச எழுதட்டும். அதுக்குத்தான்."

"நான் நடந்து வந்து அவருக்குத் தேத்தண்ணி குடுக்கணும்னு நெனச்சிருந்தேம்மா" என்றான் ஜனுஷன். கோபமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "எத்தன நாளைக்குப் படுத்திருக்கணும்?"

"நாளைக்கு மட்டுந்தான்."

"சரி" என்றான்.

மறுநாள் காலை அவள் அவன் கால்களை வெந்நீர் வைத்துக் கழுவினாள். இத்தனை மாதம் வெறுங்காலோடு கானோரம் நடந்த பாதம். வெடிப்புகளுக்குள் செம்மண் போய் உட்கார்ந்துவிட்டது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பாகவே வந்தது. கயிற்றை அவிழ்க்க நேரமில்லை. நனைத்த துணிகளைக் கொண்டுபோய் அதில் வரிசையாகத் தொங்கவிட்டாள்.

உத்தியோகத்தர் ஷப்ராஸ் நடுத்தர வயதுக்காரர். மெல்லிய பேச்சு. மேட்டில் ஏறி வந்த களைப்பில் வாசலில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துணி தொங்கிய கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன அம்மா, கயிறு இவ்வளவு பணிவாக் கட்டியிருக்கீங்க? துணியெல்லாம் தரையில படுது."

"தோள் தூக்க ஏலாது சேர். எட்டாது."

அவர் தலையசைத்தார். உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஜனுஷன் மல்லாக்கப் படுத்திருந்தான், கழுத்து வரை கம்பளி. அவர் கேட்டதற்கெல்லாம் கூரையைப் பார்த்துப் பதில் சொன்னான். காலைத் தூக்க முடியுமா? முடியாது. புரண்டு படுக்க? அம்மாதான். வெளிக்குப் போக? இந்த இடத்தில் ஜெயலெட்சுமி முந்திக்கொண்டு, "நான்தான் சேர் தூக்கிட்டுப் போறேன், கொழந்த மாதிரி" என்றாள். மகனின் தாடை இறுகியதை அவள் பார்த்தாள். ஷப்ராஸ் கம்பளியின் கால்பக்கத்தை விலக்கினார். பாதங்களைப் பார்த்தார். வெடிப்பில் நின்ற செம்மண்ணை, குதிகாலில் தடித்திருந்த தோலை, பெருவிரல் ஓரத்தில் தரையோடு இழுபட்டு இழுபட்டுக் காய்த்துப்போன இடத்தைப் பார்த்தார். அவர் கம்பளியைத் திரும்பவும் இழுத்து மூடினார். குழந்தைக்குப் போர்த்துவதுபோல ஓரங்களைச் சொருகிவிட்டார்.

போகும்போது படியில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அம்மா, கண்ணால பாத்தத நான் எழுதல்ல. கெடைக்க வேண்டிய வீடு இது. அதனால எழுதியிருக்கேன். ஆனா யாராச்சும் முறைப்பாடு சொன்னா எனக்குப் பதிலா வேற ஆள் வருவாங்க, சொல்லாமலே வருவாங்க. அப்பவும் மகன் இப்படியே இருக்கணும். வெளங்குதா?"

"வெளங்குது சேர்" என்று ஜெயலெட்சுமி அவரைக் கும்பிட்டாள். அவர் நல்ல மனிதர். பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தும் அவரைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. குறை சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொடுப்பனவு வந்தது. தனுஜா வெள்ளைச் சட்டையை மறுபடி வெளியே எடுத்தாள். வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் முட்டைக் குழம்பு வைக்க முடிந்தது. ஆனால் உத்தியோகத்தர் வந்துபோன அந்த வெள்ளிக்கிழமை முடிவுக்கு வரவே இல்லை. அதற்கு மறுநாள் சனிக்கிழமை காலை ஜனுஷன் போத்தலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பீலிக்கரையில் ராமலட்சுமி நின்றிருந்தாள். அவனைப் பார்த்தாள். "என்னப்பா, இன்னைக்குக் கால் வந்துருச்சா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவள் புருஷன் உண்மையாக நடந்து தோற்றவர். ஜனுஷன் வாசலோடு திரும்பிவிட்டான். அன்று பின்னேரமே ஜெயலெட்சுமி கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி விறகுக்கு அடியில் போட்டாள். கம்புகளையும் பிடுங்கினாள். கொஞ்ச நாளைக்குத்தான், ஒரு மாதம் போகட்டும், பேச்சு அடங்கட்டும் என்றாள். வீட்டுக்குள்ளேயே நட என்றாள். பத்தடி அறை. அவன் கொஞ்ச நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றினான். கதவு திறந்திருந்தால் நிற்பான். யாராவது கூப்பிட்டால் அவசரமாகக் கட்டிலுக்குப் போவான். அவசரத்தில் இரண்டு தடவை விழுந்தான். பதுளைக்குப் பயிற்சிக்குப் போகவில்லை. பஸ்ஸில் ஏறுவதை ஊர் பார்க்கும். வெளியாள் யாராவது லயத்துக்குள் வந்தால், கடன் சீட்டுக்காரனோ, மீன்காரனோ, யாராக இருந்தாலும் கம்பளி கழுத்துக்கு ஏறிவிடும்.

அவன் நடப்பதை எந்த நாளில் நிறுத்தினான் என்று யாருக்கும் தெரியாது. அவள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது படுத்திருப்பான். வரும்போதும் படுத்திருப்பான். நடுவில் எழுந்திருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வான் என்ற பயமா, வேலைக் களைப்பா, அவளுக்கே தெரியவில்லை. தனுஜா யாரிடமோ கேட்டு வாங்கிக் கொடுத்த பழைய போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருப்பான். முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. தாடி வளர்ந்தது. ஒருநாள் அவள் வேண்டுமென்றே சோற்றுத் தட்டை அறையின் மூலையில் வைத்துப் பார்த்தாள். அவன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனுக்குத் திரும்பினான்.

"கதவு சாத்தித்தான் இருக்கு. எந்திரிச்சு வாடா."

"பசிக்கல."

"ஜனு, இப்படியே கெடந்தா..."

"என்னம்மா இப்படியே கெடந்தா? மாசாமாசம் குடுக்குறாங்கல்ல. சும்மாவா குடுக்குறாங்க? படுத்திருக்கிறதுதான் என் வேல. நீ மலைக்குப் போற, நான் கட்டிலுக்குப் போறேன். ஒனக்காவது சில நாள் வேல இல்ல, எனக்கு ஒருநாளும் லீவு கெடையாது."

அவள் தட்டை எடுத்துக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள். "வேணாம்டா. கந்தோருக்குப் போயி சொல்லிர்றேன். எம் மகன் நடப்பான், எங்களுக்கு வேணாம்னு சொல்லிர்றேன்."

"சொல்லு. இம்புட்டு நாள் வாங்குனதத் திருப்பிக் கேப்பாங்க. அந்த சேருக்கு வேல போகும். தங்கச்சிக்கு இன்னும் பரீட்ச இருக்கு." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். எல்லாவற்றையும் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தான். யோசிக்க அவனுக்கு நேரம் இருந்தது.

அவள் போகவில்லை. ஒருநாள் பசறைக்குப் போய்க் கந்தோர் வாசல் வரைக்கும் போனாள். படியில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள். கண் தெரியாத ஒரு கிழவரை அவர் பேரன் உலுக்கி உலுக்கி ஏதோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பிக் கடைக்குப் போய்க் கருவாடு வாங்கிக்கொண்டு வந்தாள்.

கார்த்திகை மழை அந்த முறை விட்டு விட்டுப் பெய்யவில்லை. ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் வெளிச்சம் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் ஒரு வெடிப்பு கண்டது. முதலில் விரல் போகிற அளவு, பிறகு பாதம் போகிற அளவு. மத்தியானம் தாண்டி, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று ரோட்டில் நின்று கத்தியது: எல்லோரும் உடனே மேலே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள், ஒன்றையும் எடுக்காதீர்கள். சொல்லி முடிக்கும்போதே மேட்டிலிருந்து ஒரு கட்டி மண் சரிந்து கோழிக்கூட்டின் மேல் விழுந்தது. லயம் முழுக்க ஒரே கூச்சலாயிற்று. கைக்குழந்தைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு ஆட்கள் மழைக்குள் ஓடினார்கள். தனுஜா புத்தகங்களை உரப்பையில் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டு, "அண்ணே! எந்திரிண்ணே!" என்று கத்தினாள்.

வாசலில் ராமலட்சுமி வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. "இன்னும் என்னா பண்றீங்க? எந்திரிக்கச் சொல்லு ஜெயா! இப்ப எவன் வந்து பாக்கப் போறான்? உசுரவிடப் பெரிசா அந்தக் காசு?"

ஜெயலெட்சுமி கம்பளியை இழுத்தெறிந்தாள். "ஜனு, யாரும் பாக்கலடா. நட. எந்திரிச்சு நட."

அவன் எழுந்து உட்கார்ந்தான். இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக் கால்களைத் தரையில் வைத்தான். முழங்கால் முழுதாக நீளவில்லை. குதிகால் தரையைத் தொடவில்லை. உடம்பைத் தூக்கியவுடன் கால் இரண்டும் நனைந்த துணி மாதிரி மடிந்தன, அவன் அம்மாவின் மேல் சாய்ந்தான். "இன்னொருக்கா" என்றான். இன்னொரு தடவையும் அப்படியே ஆயிற்று. அவன் கீழே உட்கார்ந்துகொண்டு தன் கால்களைப் பார்த்தான். யாரோ இரவல் கொடுத்துவிட்டுப் போனவற்றைப் பார்ப்பதுபோல் இருந்தது. ராமலட்சுமி கத்துவதை நிறுத்திவிட்டாள். வாயைத் திறந்தபடி நின்றவள் சட்டென்று உள்ளே வந்து கம்பளியைத் தரையில் விரித்தாள். "தூக்கு" என்றாள்.

கம்பளியின் இரண்டு முனையை ஜெயலெட்சுமியும் தனுஜாவும் பிடித்தார்கள். மற்ற இரண்டு முனையையும் ராமலட்சுமி ஒருத்தியே தோளில் முறுக்கிப் போட்டுக்கொண்டாள். முன்னால் பாலசுப்பிரமணியம் போனார். பொல்லால் சேற்றைக் குத்திக் குத்திப் பார்த்து, "இங்க வைங்க, இங்க வைங்க, அந்தக் கல்லுல வேணாம்" என்று வழி சொல்லிக்கொண்டே ஏறினார். வழுக்கி விழுந்தார், எழுந்தார். ஜெயலெட்சுமியின் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. ஒரு வளைவில் அவள் முழங்கால் தரையில் பட்டுக் கம்பளி கீழே முட்டியது. ஜனுஷன் சேற்றில் கிடந்தபடி, "விட்டுட்டுப் போங்கம்மா" என்றான். திரும்பத் தூக்கினார்கள். பள்ளிக்கூடத்து வாசலை அடையும்போது கீழே ஒரு பெரிய சத்தம் கேட்டது. மழைமூட்டத்தில் என்ன விழுந்தது என்று தெரியவில்லை.

வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு எல்லோரும் தரையில் கிடந்தார்கள். ஈரத்துணி நாற்றமும் பிள்ளைகளின் அழுகையும் மூச்சு முட்டியது. பாலசுப்பிரமணியம் சுவரோரமாக இருந்த தன் இடத்தை ஜனுஷனுக்குக் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். ராமலட்சுமி தன் துவாயால் அவன் தலையைத் துவட்டினாள். பிறகு கால்களைத் துவட்டினாள். குச்சியாய்ப் போயிருந்த கெண்டைக்காலில் கை வைத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டு, ஜெயலெட்சுமியைப் பார்க்காமல் கேட்டாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"தெரியலக்கா."

"நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லல ஜெயா. பெட்டிசம் எழுதிப் போடச் சொல்லி நாலு பேரு வந்து கேட்டாங்க. இவருகூடச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். வயித்தெரிச்சல் இருந்துச்சு, வாயால கேட்டேன், அது உண்மை. ஆனா சொல்லல. யாரும் சொல்லல."

யாரும் சொல்லவில்லை. யாரும் பார்க்க வரவும் இல்லை. ஜெயலெட்சுமி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் கதவைச் சாத்திச் சாத்தி யாருக்குப் பயந்தார்கள்? அவள் மகனைப் பார்த்தாள். அவனுக்கும் கேட்டிருந்தது. அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரில் ஏதோ ஒரு வகுப்புப் பிள்ளை வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்த சூரியன் இருந்தது. தனுஜா நனைந்த புத்தகங்களை ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். தாள்கள் ஒட்டிக்கொண்டு கிழிந்தன.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நிவாரணத்துக்கு ஒரு வான் வந்தது. மழைச்சட்டை போட்ட இளம் பெண் ஒருத்தி வகுப்பறை வாசலில் வந்து நின்றாள். றமீலா என்று தன் பெயரைச் சொன்னாள். குரல் கம்மிப்போயிருந்தது. காலையிலிருந்து எத்தனை பள்ளிக்கூடம் ஏறி இறங்கினாளோ. பின்னால் இரண்டு பேர் சோற்றுப் பார்சலும் பாயும் சுமந்து நின்றார்கள்.

"எல்லாருக்கும் இருக்கு, தள்ள வேணாம். முதல்ல ஏலாதவங்களுக்குக் குடுக்குறோம். அவங்களக் கீழ ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போகணும். இதுல நடக்க முடியாதவங்க யாரு இருக்காங்க? கையத் தூக்குங்க."

வாசல் பக்கத்தில் பாலசுப்பிரமணியம் பொல்லை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தார். ஜெயலெட்சுமி வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குள் சுவரோரத்திலிருந்து ஒரு கை எழுந்தது. கட்டட வேலையில் சாரம் கட்டிப் பழகிய கை, இன்னும் திடமாகத்தான் இருந்தது. ஜனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே அதை நேராக, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவதுபோல உயரமாகத் தூக்கினான். அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை இறக்கவில்லை. சட்டைக் கையிலிருந்து சேற்றுத் தண்ணீர் முழங்கை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.